அவுட்போர்டு எஞ்சின் திணறினால்: டேங்கிலிருந்து ஜெட் வரை கார்புரேட்டர் கோளாறு பார்க்கும் முறை

எஞ்சின் இழுக்கவில்லை என்றதும் பலருடைய கை முதலில் போகும் இடம், கார்புரேட்டரின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னப் பித்தளை ஸ்க்ரூ. அதைத் தொடாதீர்கள். நேற்று ஒழுங்காகக் கரை சேர்த்த எஞ்சினில் அந்த ஸ்க்ரூ ராத்திரியோடு ராத்திரியாகத் தானே திரும்பியிருக்காது. திரும்பக் கூடாது என்றுதான் அந்த ஸ்பிரிங்கே இருக்கிறது. மாறியது வேறு ஏதோ: டேங்கில் தண்ணீர், ஓஸில் காற்று, ஜெட்டில் (எரிபொருளை அளந்துவிடும் சின்னத் துளைத் திருகு) பிசின், ஊசி வால்வில் (மிதவையோடு சேர்ந்து எரிபொருள் வரும் வழியை மூடித் திறப்பது) ஒரு துகள். ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால் பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் பைபர் படகிலும் வள்ளத்திலும் பின்னால் மாட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு. 8 முதல் 40 குதிரைத்திறன் வரை, பெட்ரோலில் மட்டும் ஓடுவதானாலும் சரி, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதானாலும் சரி. டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை இல்லை. அதில் கார்புரேட்டரே கிடையாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. கார்புரேட்டர் பாதி அடைத்து எரிபொருள் குறைந்தால், பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. அந்த நிலையில் எஞ்சின் சில நேரம் வழக்கத்தைவிடச் சற்றுத் துள்ளலாக ஓடுவது போலக்கூடத் தெரியும். பிறகு திடீரென்று பிடித்துக்கொள்ளும். எரிபொருள் கூடினால் பிளக் கெடும், காசு வீணாகும். குறைந்தால் பிஸ்டன் போகும். அதனால் "கொஞ்சம் திணறுது, ஓடட்டும்" என்று முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டுவதுதான் இருப்பதிலேயே செலவு பிடிக்கும் வழி.

முதலில் கார்புரேட்டருக்கு வெளியே

கார்புரேட்டர் கோளாறு என்று கழற்றப்படுவதில் பெரும்பகுதி, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் கோளாறு. ஸ்பேனர் எடுக்காமல் பத்து நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் எஞ்சின் கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, மெல்ல மூச்சடைத்து நிற்கும். சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். ஓஸின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் சப்பையாக உள்ளிழுத்துக் கிடக்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். திருகு திறந்திருந்தும் அந்த ஓட்டை உப்பேறி அடைத்திருப்பதுண்டு.

ஓஸை எஞ்சினோடு மாட்டும் கனெக்டரில் ஒரு ஓ-ரிங் இருக்கும். அது தேய்ந்தால் வெளியே சொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் உறிஞ்சல்தான் இருக்கிறது. எண்ணெய் (எரிபொருளைத்தான் இப்படிச் சொல்கிறோம்) வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பல்பிலிருந்து டேங்க் வரை எல்லாக் கிளிப்புக்கும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் ஓர் அடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூப்பை எரிபொருள் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி தொடர்ந்து ஓடினால் காற்று புகுகிறது. பார்த்து முடித்ததும் அந்த டியூப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலில் அது விறைத்து விரிசல் விட்டுவிடும்.

பழைய ஓஸ் வெளியே நன்றாகத் தெரிந்தும் உள்ளே உரிந்திருக்கும். உரிந்த தோல் கதவு போலச் செயல்படும்: மெதுவாக ஓடும்போது எண்ணெயை விடும், வேகம் கூட்டி உறிஞ்சல் அதிகமானதும் மூடிக்கொள்ளும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வேறொரு படகின் டேங்க், ஓஸ் இரண்டையும் அப்படியே மாட்டிப் பார்ப்பதுதான் குறுக்கு வழி. எஞ்சின் சரியாகிவிட்டால் கார்புரேட்டரை விட்டுவிடலாம்.

பல்பை அமுக்கும்போது அதன் மேல் இருக்கும் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்த்து, நுனி மேலே இருக்கும்படி பிடியுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளும் அப்போதுதான் சரியாக உட்காரும். ஏழெட்டு அமுக்கில் கல் போல இறுக வேண்டும். எத்தனை அமுக்கினாலும் இறுகாமல், கார்புரேட்டர் வாயிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதென்றால் ஊசி வால்வு மூடவில்லை. சொட்டவும் இல்லை, இறுகவும் இல்லை என்றால் பல்பின் வால்வோ காற்றுக் கசிவோதான் காரணம்.

எஞ்சின் மூடிக்குள் இருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றி முதலில் உள்ளே பாருங்கள், பிறகு வெள்ளைத்துணி மேல் கொட்டுங்கள். தண்ணீர் இருந்தால் கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாக நிற்கும். துரு இருந்தால் அது டேங்கிலிருந்தோ, எண்ணெய் வாங்கி வைத்த டிரம்மிலிருந்தோ வருகிறது.

பல்ப், சோக், பிளக்: மூன்று சோதனை

எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடியிலேயே கருகத் தொடங்கும். கரையில் என்றால் விசிறியை (புரொப்பெல்லர்) கழற்றிவிட்டு, விசிறிக்கு மேலிருக்கும் தட்டு முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வையுங்கள். ஆனால் சுமை இல்லாமல் தெரியாத கோளாறுகள் உண்டு. அதற்குக் கடலில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் பார்ப்பதே நல்லது.

திணறும்போது பல்பைத் தொடர்ந்து அமுக்குங்கள். வேகம் மீண்டால் கார்புரேட்டர் நன்றாகவே இருக்கிறது, அதற்கு வந்து சேரும் எண்ணெய்தான் போதவில்லை. எரிபொருள் பம்பின் டயப்ரம், வடிகட்டி, ஓஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல்ப் அமுக்கியும் மாற்றமில்லை, ஆனால் சோக்கை (காற்று வரும் வாயை அடைக்கும் தட்டு) கால்வாசி இழுத்ததும் எஞ்சின் மீள்கிறது என்றால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறது, ஜெட் வழியாக ஏறவில்லை. இப்போதுதான் கார்புரேட்டரைக் கழற்ற நியாயம் உண்டு. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகி அடைத்தால் எரிபொருள் ஏற்கெனவே கூடுதலாகப் போகிறது. இரண்டுக்கும் எந்த அசைவும் இல்லாவிட்டால் பிளக், காயில், கம்ப்ரஷன் பக்கம் திரும்புங்கள்.

மூன்றாவது சோதனை பிளக்கின் நிறம். திணறும் வேகத்திலேயே ஓட்டி, அந்த வேகத்திலேயே ஸ்டாப் பட்டனை அழுத்தி நிறுத்திக் கழற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் பிளக் மெதுவேகத்தின் கதையைத்தான் சொல்லும். வறுத்த மல்லி நிறம் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்து, நுனியில் பொடிப்பொடியாக உருகிய மணிகள் இருந்தால் காற்று கூடுதல், எரிபொருள் குறைவு. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. கருத்து ஈரமாக இருந்தால் எரிபொருளோ ஆயிலோ கூடுதல். இரண்டு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர் இருக்கும் எஞ்சினில் ஒரு பிளக் மட்டும் வெளுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரிலேயே வேலை.

பொறி பார்ப்பதற்காகப் பிளக்கைக் கழற்றி இழுப்பவர்கள், பிளக்கின் இரும்பு உடல் எஞ்சின் உடலைத் தொட்டிருப்பதையும், சிலிண்டர் ஓட்டையிலிருந்து எட்டி இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகையாகப் பீய்ச்சும்; பக்கத்திலேயே பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும்.

எந்த அறிகுறிக்கு எந்த இடம்

கார்புரேட்டருக்குள் எண்ணெய்க்கு இரண்டு பாதை. மெதுவேகத்துக்குப் பைலட் ஜெட். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஓட்டை. வேகத்துக்கு மெயின் ஜெட். அதைவிட நன்றாகப் பெரியது. அதனால் அடைப்பு பெரும்பாலும் பைலட்டிலிருந்துதான் தொடங்கும். காலையில் சோக் இழுத்தால் கிளம்பி, சோக்கை உள்ளே தள்ளியதும் நின்றுவிடுகிறதா, வேகத்தில் நன்றாக ஓடி, வலை பக்கம் போய் வேகம் குறைத்ததும் அணைகிறதா, மெதுவேகத்தில் கார்புரேட்டர் வாய் வழியாகத் தும்முகிறதா: எல்லாம் பைலட் பாதை.

மெதுவாக ஒழுங்காக ஓடி, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் மூச்சுவிட்டுத் தொய்ந்தால் மெயின் ஜெட்டோ எரிபொருள் பம்போ. எது என்பதைப் பல்ப் சோதனை ஏற்கெனவே சொல்லியிருக்கும். கால்வாசியிலிருந்து பாதிக்குப் போகும் இடத்தில் மட்டும் ஒரு குழி போல விழுந்து மீண்டால், பட்டர்ஃப்ளை தட்டின் (ஆக்ஸிலேட்டரோடு திறந்து மூடும் தட்டு) ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஊசிமுனைத் துளைகளில் ஒன்று அடைத்திருக்கும்.

நிறுத்தி வைத்த எஞ்சினில் வாய் வழியாக எண்ணெய் சொட்டினால் மிதவை அல்லது ஊசி. ஓடும்போது மட்டும் வாயிலிருந்து எண்ணெய் புகையாகத் திருப்பித் துப்பினால் கார்புரேட்டரைக் குறை சொல்லாதீர்கள்; அதற்குப் பின்னால் இருக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறது. முழு வேகம் வரவில்லை, மற்றபடி திணறலே இல்லை என்றால், எஞ்சினை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகி, பட்டர்ஃப்ளை தட்டு உண்மையிலேயே முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டுபோய் முக்கால்வாசியோடு நிற்பது சாதாரணம். விசிறியில் தங்கூசி (நைலான் நரம்பு) துண்டு சுற்றியிருந்தாலும் இதே குறைதான் தெரியும்.

மெதுவேகம் ஒருநாள் ஒருமாதிரி, மறுநாள் வேறுமாதிரி என்று அலைந்தால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். மெதுவேகத்தில் ஓடவிட்டு, எண்ணெய்க் கேனால் அந்த இணைப்பைச் சுற்றிச் சில சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் விடுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. இந்தச் சோதனைக்குப் பெட்ரோல் வேண்டாம்.

கழற்றுவது

கரையில், நிழலில், காற்றடிக்காத இடத்தில் செய்யுங்கள். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பேட்டரி இருந்தால் வயரைக் கழற்றிவிடுங்கள். கீழே வெள்ளைத்துணி ஒன்று விரியுங்கள். மணலில் விழுந்த பித்தளை ஜெட் கிடைப்பதில்லை.

10 மி.மீ. ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஜெட்டின் பள்ளத்துக்கு அகலமும் கனமும் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூடிரைவர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, காற்று. காற்றுக்கு பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும். கிடைக்காத இடத்தில் சைக்கிள் பம்ப். ஜப்பான் எஞ்சின்களின் ஸ்டார் ஸ்க்ரூ நம் கடைகளில் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவர் நுனிக்கு முழுதாகப் பொருந்தாது. அழுத்தாமல் திருகினால் தலை தேய்ந்துவிடும். உப்பேறி இறுகியிருந்தால் முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்து, ஸ்க்ரூடிரைவரைத் தலையில் வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு திருகுங்கள்.

லிங்க், கேபிள், சோக் கம்பி, ஓஸ் எல்லாவற்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். இதைச் செய்யாமல் கிண்ணத்தைக் கழற்றினால் சாட்சியைக் கொட்டிவிட்டீர்கள். ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் கோடு பிரியும்.

இப்போதுதான் அந்தப் பித்தளை ஸ்க்ரூவுக்கு முறை வருகிறது, அதுவும் எண்ணுவதற்கு. மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று கால் சுற்றுக் கணக்கில் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகு இறுக்கக் கூடாது. கூர்நுனி பள்ளமாகிவிட்டால் பிறகு எந்த அளவிலும் நிற்காது. எண்ணிய பிறகு வெளியே எடுங்கள். ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் இருந்தால் அவையும் வந்தனவா என்று பாருங்கள்.

கிண்ணத்தைத் திறந்ததும் தெரிவது பாதி நோயறிதல். மஞ்சள் பழுப்பு நிறப் பிசின் என்றால் பெட்ரோல் நாட்பட்டு வற்றியது. வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்தது, பச்சைக் களிம்பு பித்தளை அரித்தது. இரண்டும் உப்புத் தண்ணீர் வந்ததற்கு அடையாளம். கறுப்புத் துணுக்குகள் ஓஸின் உள்தோலோ பல்பின் வால்வோ. செம்பழுப்புத் தூள் இரும்பு டிரம். காரணத்தைக் களையாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் ஒரு வாரத்தில் திரும்பக் கழற்றுவீர்கள்.

சுத்தம் செய்வது

மிதவையைத் தாங்கும் குறுக்குக் கம்பியை உருவி, மிதவையையும் ஊசி வால்வையும் எடுத்துத் தனியாக வையுங்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிளீனரில் படக் கூடாது, ஊதிப்போகும். பித்தளைச் சாமான்தானே என்று புளித்தண்ணீரில் ஊறப்போடும் எண்ணம் வேண்டாம். ஜெட் பளபளக்கும், ஆனால் உடல் அலுமினியம். புளிப்பு அதைத் தின்றுவிடும்.

ஜெட்டைக் குத்த இரும்புக் கம்பியோ குண்டூசியோ கூடவே கூடாது. ஓட்டை ஒரு நூல் பெரிதானால் அந்த ஜெட்டின் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். படகிலேயே கிடைக்கும் தங்கூசி இதற்கு அருமையான சாமான். ஓட்டைக்குள் தாராளமாகப் போகும் கனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சின்னத் துளைக்கு மின்வயரில் ஒற்றைச் செம்பு இழை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. மெயின் ஜெட் உட்காரும் நாசிலின் பக்கவாட்டில் குறுக்குத் துளைகள் உண்டு, அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

பலர் தவறவிடுவது ஜெட்டுக்குப் பின்னால் உடலுக்குள் ஓடும் பாதை. ஜெட் பளிச்சென்று இருந்தும் மெதுவேகம் வராததற்கு இதுதான் காரணம். கிளீனர் குழாயைப் பித்தளை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் வைத்து அடித்தால், பட்டர்ஃப்ளை ஓரத்துத் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஊசி போலப் பீய்ச்ச வேண்டும். எதிலிருந்து வரவில்லையோ அதன் மேல் அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, காற்றை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று இரண்டு பக்கமும் செலுத்துங்கள். கிளீனர் எதிர்பாராத ஓட்டையிலிருந்து முகத்துக்கு நேராக வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி வால்வின் கூம்பு நுனியை நகத்தால் தடவுங்கள். சுற்றிலும் வரி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும், அதன் இருக்கையைக் கழற்ற முடிந்தால் அதையும் சேர்த்து. மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே எண்ணெய் சளசளக்கக் கூடாது. உள்ளே வெற்றாக இருக்கும் மிதவையை வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

மிதவையைத் திரும்ப மாட்டியதும் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, எண்ணெய் நுழையும் குழாயில் சுத்தமான ஓஸ் மாட்டி வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. மிதவையைத் தூக்கினால் தடையில்லாமல் போக வேண்டும். உயரத்தை அளக்கும்போது மிதவை தன் எடையில் மட்டும் ஊசியின் மேல் நிற்க வேண்டும், விரலால் அழுத்தக் கூடாது. அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அந்த மாடலின் புத்தகத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஊசியைத் தொடும் சின்ன நாக்கை வளைக்க வேண்டும், அதுவும் மிதவையைக் கழற்றி வைத்துக்கொண்டு.

எரிபொருள் பம்ப் தனியாகவோ, சில சின்ன எஞ்சின்களில் கார்புரேட்டர் உடலோடு சேர்ந்தோ இருக்கும். கழற்றிய கையோடு அதன் டயப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போச்சு. சுருங்கி விறைத்திருந்தாலும் மாற்றுங்கள். இந்தப் பம்பை ஓட்டுவது கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள அறை) காற்றழுத்தத் துடிப்பு. டயப்ரம் கிழிந்தால் எண்ணெய் குறைவது மட்டுமல்ல, அந்தத் துடிப்புப் பாதை வழியாக எண்ணெய் நேரே சிலிண்டருக்குள் போய் ஒரு பிளக் மட்டும் சும்மா சும்மா நனையும். கார்புரேட்டர் கோளாறு போலவே தெரியும் இது.

கேஸ்கட் புதிதாகப் போடுங்கள். கிண்ணத்துக்குச் சிலிக்கான் பேஸ்ட் தடவுவது கெட்ட பழக்கம். பெட்ரோலில் அது ஊறி நூல் நூலாகப் பிய்ந்து, நேரே ஜெட்டுக்குத்தான் போகும். கிண்ணத்தின் ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஜெட்டை விரல் பலத்தில் உட்காரவைத்து அதற்கு மேல் லேசாக ஒரு பிடி. பித்தளை மரை சீக்கிரம் போய்விடும்.

ஸ்க்ரூ வைப்பது

எண்ணி எழுதிய சுற்றுக்கே திரும்ப வையுங்கள். எண் தெரியாத எஞ்சினுக்கு ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். பிறகு எஞ்சினைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, மெதுவேகத்தில் கியர் போட்டு வையுங்கள். படகை நன்றாகக் கட்டியிருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பதில்தான் குழப்பம். ஸ்க்ரூ பட்டர்ஃப்ளை தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்தால் அது எண்ணெய்க் கலவையைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருகினால் எரிபொருள் குறையும். காற்று நுழையும் வாய்ப்பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருகினால் காற்று குறைந்து எரிபொருள் கூடும். எரிபொருள் குறையும் திசையில் அரைக்கால் சுற்று திருப்பி, பத்து பதினைந்து விநாடி பொறுங்கள். டூ ஸ்ட்ரோக் உடனே காட்டாது. தும்மவோ தடுமாறவோ தொடங்கும் இடம் வந்ததும், அங்கிருந்து எரிபொருள் கூடும் திசையில் கால் சுற்று திருப்பி நிறுத்துங்கள். மிகச் சீராக ஓடும் இடத்தில் வைக்காமல் அதற்குச் சற்று எரிபொருள் கூடிய பக்கம் வைப்பது வேண்டுமென்றேதான். திடீரென்று வேகம் கூட்டும்போது அது தேவைப்படும். இந்த ஸ்க்ரூ முழு வேகத்தில் எதையும் பெரிதாக மாற்றாது. வேகத்தில் உள்ள குறையை இதில் சரிசெய்யப் பார்ப்பது வீண்.

இரண்டு கார்புரேட்டர் இருந்தால் நடு லிங்க்கைத் தளர்த்தி, இரண்டு தட்டும் முழுதாக மூடியபின் இறுக்குங்கள். ஒன்று முந்தித் திறந்தால் ஆட்டம் நிற்காது.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு

பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லா விதியும் அடக்கம். பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் தொட்டால் கதகதப்பாகும்வரை ஐந்து நிமிடம் ஓட்டி, பிறகு எரிபொருள் திருகை (காக்) மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு நிமிடமாவது ஓட்டுங்கள், கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் நிற்கும்வரை. இதை மறந்துவிட்டு மறுநாள் காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் நோகும்போது கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. வடிதிருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்து, பெட்ரோல் ஏற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டினால் போதும்.

வலை இழுக்கும்போது நெடுநேரம் மெதுவேகத்தில் நிற்க வேண்டியிருந்தால் அப்போதும் பெட்ரோல்தான். சூடு போதாமல் மண்ணெண்ணெய் பாதி எரிந்து பிளக்கைக் கருக்கும். மண்ணெண்ணெய் எஞ்சினின் ஜெட்டைப் பெட்ரோல் எஞ்சினுக்கோ, அதை இதற்கோ மாற்றிப் போடாதீர்கள். மேலே பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள்.

ஆயில் கலவை விகிதம் எஞ்சினின் தகட்டில் அல்லது புத்தகத்தில் இருக்கும். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் வெவ்வேறாக இருக்கலாம். கணக்கு எளிது: 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி, 25-க்கு 1 என்றால் 400 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றுவதைவிட ஓர் அளவுக்குவளை மலிவு. பைக் ஆயிலைவிட டிசி-டபிள்யூ3 (TC-W3) குறி போட்ட அவுட்போர்டு ஆயில்தான் இதற்கு ஏற்றது.

இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓர் அளவு வரை தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியதும் இரண்டும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். டேங்கின் உறிஞ்சுகுழாய் அடியில்தானே இருக்கிறது. எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடுக்கு. ஆயில் அதில் கரையாது, மேலே பெட்ரோலிலேயே நின்றுவிடும். அப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கி ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டேங்கைக் காலி செய்து துடைத்து, புதிதாகக் கலக்க வேண்டும்.

கடலில் நின்றுவிட்டால்

முதலில் நங்கூரம். பிறகு காற்றுத் திருகு, கனெக்டர், பல்ப், வடிகட்டிக் கிண்ணம், அதே வரிசையில். அடுத்து கார்புரேட்டர் வடிதிருகைத் திறந்து பல்பை அமுக்கினால், அடியில் நின்ற தண்ணீரும் துகளும் வெளியே வந்துவிடும். வடிவதை ஒரு டப்பாவில் பிடியுங்கள், படகுக்குள் விடாதீர்கள். எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள், சிக்கிய ஊசி பல நேரம் விடுபடும். பம்ப் செத்திருந்தால் ஒருவர் பல்பை அமுக்கிக்கொண்டே வர, பாதிக்குக் கீழான வேகத்தில் கரை சேரலாம். மெயின் ஜெட் அடைத்திருந்தால் சோக்கைச் சற்று இழுத்து வைத்துக் கால்வாசி வேகத்துக்கு மேல் போகாமல் வாருங்கள். ஜெட்டைக் கடலில் கழற்றுவது கடைசி வழி, அலை இல்லாதபோது மட்டும்.

எஞ்சினை நிறுத்தி வைக்கும்போது

வாடைக்காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் படகு கரையில் கிடக்குமென்றால், நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். ஓஸைக் கழற்றி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டுவது பலருடைய வழக்கம். ஆனால் கிண்ணத்தின் அடியில் அதற்குப் பிறகும் கொஞ்சம் நிற்கும். வடிதிருகைத் திறந்து அதையும் வடித்துவிடுங்கள். பிசின் கட்டுவது அந்தக் கொஞ்சத்தில்தான். பிளக் ஓட்டையில் சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை நாலைந்து முறை மெதுவாக இழுத்துவிட்டு மூடுங்கள். டேங்கை நிறைத்து வைப்பது, இல்லாவிட்டால் முழுதாகக் காலி செய்து வைப்பது. பாதி டேங்கில்தான் ஈரக்காற்று புகுந்து தண்ணீராக வடியும்.

படகில் ஈரம் புகாத டப்பா ஒன்றில் இரண்டு பிளக், ஒரு டயப்ரம், ஊசி வால்வு, கிண்ணத்துக் கேஸ்கட், கனெக்டர் ஓ-ரிங், இரண்டு ஓஸ் கிளிப், ஒரு முழத் தங்கூசி, ஜெட்டுக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இருக்கட்டும். ஜெட் எண்களையும் ஸ்க்ரூவின் சுற்றுக் கணக்கையும் பெயிண்ட் பேனாவால் எஞ்சின் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். காகிதத்தில் எழுதினால் உப்புக்காற்றில் ஒரு மாதம்கூடத் தாங்காது.